கத்தார் மின்னூலகத்தில் வளைகுடா ஆவணங்களைத் தேடிப் படிப்பது எப்படி?

அரபு வளைகுடாவின் வரலாற்றை மூல ஆவணங்களிலிருந்து படிக்க வேண்டுமென்றால் லண்டனுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை 2014 அக்டோபரில் பெரிதும் மாறியது. பிரிட்டிஷ் நூலகம், கத்தார் அறக்கட்டளை, கத்தார் தேசிய நூலகம் ஆகிய மூன்றும் சேர்ந்து அம்மாதம் கத்தார் மின்னூலகத்தைத் திறந்துவைத்தன. லண்டனில் பாதுகாக்கப்படும் இந்தியா அலுவலக (இந்திய ஆட்சியை மேற்பார்த்த பிரிட்டிஷ் அரசுத் துறை) ஆவணங்களில் வளைகுடாவைப் பற்றியவை, அதிகாரிகளின் தனித் தாள்கட்டுகள், வரைபடங்கள், ஒளிப்படங்கள், அரபு அறிவியல் சுவடிகள் எல்லாம் அங்கே பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பக்கங்கள் 20 லட்சத்துக்கும் மேல். கட்டணமில்லை, உறுப்பினர் பதிவும் தேவையில்லை. கோப்புகளைப் பற்றிய விவரக் குறிப்புகள் ஆங்கிலத்திலும் அரபியிலும் உள்ளன.

இவ்வளவு இருந்தும் புதிதாக வருகிறவர்களில் பலர் தேடுபெட்டியில் ஒரு சொல்லை இட்டு, வந்து கொட்டும் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் பார்த்துத் திகைத்துத் திரும்பிவிடுகிறார்கள். இந்தத் தாள்கள் வாசகருக்காகப் பொருள்வாரியாக அடுக்கப்பட்டவை அல்ல என்பதே அதற்குக் காரணம். ஒவ்வோர் அலுவலகமும் தன் அன்றாட வேலைக்காகக் கட்டிவைத்த கோப்புகள் இவை. எனவே எந்தப் பொருளைத் தேடினாலும், அது எந்த அலுவலகத்தின் மேசைக்கு வந்திருக்கும் என்று முதலில் யோசிப்பதே முறை. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தின் பழைய கோப்புகளோடு பழகியவர்களுக்கு இது விரைவில் பிடிபடும். இரண்டுமே ஒரே ஆட்சி எந்திரம் எழுதிக் குவித்த காகிதங்கள்தாம்.

முதலில் அலுவலகங்களை அறிந்துகொள்ளுங்கள்

கிழக்கிந்தியக் கம்பெனி 1763-இல் பாரசீகக் கரையிலுள்ள பூஷஹ்ரில் தன் வணிக நிலையத்தை நிறுவியது. அங்கிருந்த கம்பெனிப் பிரதிநிதியான ரெசிடென்ட் நாளடைவில் வளைகுடா முழுவதற்குமான பிரிட்டிஷ் அரசியல் அதிகாரியாக ஆனார். 1873 வரை அவர் பம்பாய் அரசுக்குக் கட்டுப்பட்டவர். பிறகு நேரடியாக இந்திய அரசுக்கு. 1946-இல் அவருடைய அலுவலகமான ரெசிடென்சி பூஷஹ்ரை விட்டுப் பஹ்ரைனுக்கு இடம் மாறியது. பஹ்ரைன், குவைத், மஸ்கட் ஆகிய இடங்களில் பொலிட்டிக்கல் ஏஜென்ட் என்ற பெயரில் அவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகள் இருந்தார்கள். ஷார்ஜாவில் மட்டும் நெடுங்காலம் உள்ளூர் அரபு ஒருவரே ரெசிடென்சியின் முகவராக இருந்து வந்தார்.

இந்த அமைப்பு குறியீட்டு எண்களில் அப்படியே பதிந்திருக்கிறது. ஐ.ஓ.ஆர். என்பது இந்தியா அலுவலக ஆவணங்கள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். ஐ.ஓ.ஆர்./ஆர்/15 என்று தொடங்குபவை வளைகுடாவிலேயே இருந்த அலுவலகங்களின் கோப்புகள். அதை அடுத்து வரும் எண் 1 என்றால் பூஷஹ்ர் ரெசிடென்சி, 2 என்றால் பஹ்ரைன், 5 என்றால் குவைத், 6 என்றால் மஸ்கட். ஐ.ஓ.ஆர்./எல்/பி.எஸ். என்று தொடங்குபவை லண்டனில் இருந்த இந்தியா அலுவலகத்தின் அரசியல், இரகசியத் துறைக் கோப்புகள். இந்த இரண்டு வரிசைகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கண்ணெதிரே வைத்துக்கொண்டால் தொடக்கக்காரரின் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

காரணம் எளிது. பஹ்ரைனில் நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றி அங்குள்ள ஏஜென்ட் ரெசிடென்டுக்கு எழுதுவார். ரெசிடென்ட் தம் கருத்தைச் சேர்த்து இந்திய அரசுக்கு அனுப்புவார். அங்கிருந்து அது லண்டனுக்குப் போகும். மேலே போகப் போக விவரம் குறைந்து கொள்கை கூடும். யார் யாரை அடித்தார்கள், எந்தக் கடை உடைந்தது என்பது ஏஜென்சிக் கோப்பில் இருக்கும். அதனால் பிரிட்டனுக்கு என்ன என்பது லண்டன் கோப்பில் இருக்கும். ஊர் வாழ்க்கையை ஆராய்கிறவர் எல்/பி.எஸ். வரிசையில் வாரக்கணக்கில் உட்காருவதும், எண்ணெய் ஒப்பந்தப் பேரங்களை ஆராய்கிறவர் ஏஜென்சிக் கோப்புகளோடு நின்றுவிடுவதும் வீண் உழைப்பு.

லோரிமரைத் திறந்து வையுங்கள்

தேடத் தொடங்கும் முன் கைவிளக்காக ஒரு நூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இந்திய சிவில் பணியைச் சேர்ந்த ஜான் கோர்டன் லோரிமர், கர்சன் பிரபு வைசிராயாக இருந்த காலத்தில் தொகுக்கத் தொடங்கிய பாரசீக வளைகுடா, ஓமன், மத்திய அரேபியா பற்றிய விவரச்சுவடிதான் அது. ஊர்கள், குலங்கள், கிணறுகள், பேரீச்சந்தோப்புகள் ஆகியவற்றை அகரவரிசையில் தரும் புவியியல் தொகுதி 1908-இல் முதலில் அச்சானது. லோரிமர் 1914-இல் பூஷஹ்ரில் கைத்துப்பாக்கி தவறி வெடித்து இறந்தார். வரலாற்றுத் தொகுதி அவர் மறைவுக்குப் பின் 1915-இல்தான் வெளிவந்தது. ஏறத்தாழ 5,000 பக்கங்கள். அதிகாரிகளின் பயன்பாட்டுக்கு மட்டும் என்று 1955 வரை இரகசியமாக வைக்கப்பட்டிருந்த இந்நூலை இன்று வீட்டில் இருந்தபடியே புரட்டலாம்.

லோரிமரை முழுதும் படிக்க முயல வேண்டாம். உங்கள் பொருளுக்குரிய ஊரையும் குலத்தையும் அதில் கண்டு, அவர் அவற்றை எப்படி எழுத்துக்கூட்டியிருக்கிறார் என்று குறித்துக்கொண்டால் போதும். பின்னிணைப்புகளைத் தவற விட வேண்டாம். முத்துக்குளிப்பைப் பற்றிய பின்னிணைப்பு ஒரு தனி நூலுக்கு ஒப்பானது. லோரிமருக்குத் துணையாக, பம்பாய் மாகாணப் பணியைச் சேர்ந்த ஜே.ஏ. சல்தானா 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பழைய கடிதப் போக்குவரத்தைத் தொகுத்துச் சுருக்கிய அறிக்கைகளும் உண்டு. கத்தார், பஹ்ரைன், குவைத் என்று இடவாரியாக அமைந்தவை. 19-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துக் கடிதங்களோடு மல்லுக்கு நிற்பதற்கு முன் சல்தானாவின் அச்சுச் சுருக்கத்தைப் பார்த்துவிடுவது கண்ணுக்கும் நேரத்துக்கும் நல்லது.

தேடுபெட்டியில் என்ன எழுதுவது

இங்கே முக்கியமான விதி ஒன்றுதான்: இன்றைய சொல்லில் தேடாதீர்கள், அன்றைய குமாஸ்தாவின் சொல்லில் தேடுங்கள். குவைத்தை அவர் ‘கோவைட்’ என்ற ஒலிப்பில் எழுதியிருப்பார். ஆங்கிலத்தில் கத்தாருக்கு இன்று ‘க்யூ’ எழுத்து. அன்று பெரும்பாலும் ‘கே’. துபாய் ‘டெபாய்’ ஆகும். மஸ்கட்டில் ‘சி’ இருந்த இடத்தில் ‘கே’ வரும். பஹ்ரைனின் கடைசி அசையில் ‘ஏ’ போய் ‘இ’ வரும். மரக்கலத் தலைவரான நகுதாவுக்கே நான்கைந்து எழுத்துக்கூட்டல்கள் உண்டு. ஆட்சியாளர் பெயர்களில் ‘இப்னு’, ‘பின்’ இரண்டையும் இட்டுப் பார்க்க வேண்டும். நூலகத்தார் எழுதிய விவரக் குறிப்புகளில் பெயர்கள் சீராக்கப்பட்டிருக்கும். ஆனால் உள்ளே உள்ள பக்கங்களின் எழுத்துவடிவத்தில் பழைய வடிவமே இருக்கும். ஆகவே இரண்டு வடிவத்திலும் தேடுவது கட்டாயம்.

அடுத்து வடிகட்டிகள். தேடல் முடிவுகளின் பக்கத்தில் ஆவண வகை, காலம், இடம், மனிதர், மொழி என்று வரிசையாக இருக்கும். காலத்தை முதலில் சுருக்குங்கள். பத்து அல்லது பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் விரிக்கும் தேடல் தொடக்கத்தில் பயன் தராது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வளைகுடாவின் முத்துத் தொழில் 1930-களில் எப்படி நொடித்தது என்று அறிய விரும்புகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். உலகப் பொருளாதார மந்தமும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து விலையை வீழ்த்தின என்பது பொதுவாகத் தெரிந்த செய்தி. அது குளிப்பாளரின் வீட்டை எப்படித் தாக்கியது என்பதைக் கோப்புகளில்தான் காண முடியும். ‘முத்து’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை மட்டும் இட்டால் கடலளவு வரும். அதற்குப் பதில் ‘குளிப்பு’, ‘குளிப்பாளர்’, ‘முன்பணம்’ ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக இட்டு, காலத்தை 1926 முதல் 1940 வரை என்று குறுக்கி, இடத்தைப் பஹ்ரைன் என்று தேருங்கள்.

இப்போது வருகிறவை வேறு மாதிரி இருக்கும். 1926 முதல் பஹ்ரைன் அரசின் ஆலோசகராக இருந்த சார்லஸ் பெல்கிரேவின் கைவழியே வந்த அறிக்கைகள், ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் குளிப்பாளருக்கு எவ்வளவு முன்பணம் தரலாம் என்ற விவாதங்கள், கடன் கணக்குகள், குளிப்பாளர் ஒவ்வொருவருக்கும் நகுதா கணக்குப் புத்தகம் தர வேண்டும் என்று 1920-களில் கொண்டுவந்த சீர்திருத்தத்தின் தடங்கள். முன்பணத்தைக் குறைத்ததால் 1932 மே மாதத்தில் மனாமாவில் குளிப்பாளர்கள் கலகம் செய்தார்கள். அந்த நாட்களை ஏஜென்சிக் கோப்பில் ஒரு முறையும் ரெசிடென்சிக் கோப்பில் ஒரு முறையும் படித்தால், மேலே சொன்ன ‘விவரம் குறைந்து கொள்கை கூடும்’ என்பதன் பொருள் நேரிலேயே விளங்கும். அதே ஆண்டு ஜூனில்தான் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தமிழ் வாசகர் இந்தத் தேடலில் ‘இலங்கை’யையும் சேர்க்கலாம். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்புக்கு அரபுக் குளிப்பாளர்கள் கடல் கடந்து வந்துபோனார்கள். 1900-களின் முதல் சில ஆண்டுகளில் மரிச்சுக்கட்டிப் பக்கம் நடந்த பெரிய குளிப்புகளில் அவர்களும் இருந்தார்கள். வளைகுடாவின் முத்துப் படுகைகளிலோ வெளியார் இறங்குவதைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் தடுத்தே வந்தார்கள். இரண்டு கடல்களின் நிர்வாகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது.

ஒரு பக்கத்தைப் படிக்கும் முறை

தேடல் உங்களை ஒரு கோப்பின் நடுப்பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். அந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வெளியேறுவதுதான் தொடக்கக்காரர் செய்யும் பெரிய தவறு. உடனே கோப்பின் விவரக் குறிப்புக்குப் போங்கள். எத்தனை தாள்கள், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, யார் யாருக்கிடையிலான கடிதங்கள், தாள்கள் எந்த வரிசையில் உள்ளன என்பதெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். இந்த வரிசை முக்கியம். ஆர்/15 கோப்புகளில் பொதுவாகப் பழைய கடிதம் முன்னால், புதியது பின்னால். லண்டன் எல்/பி.எஸ். கோப்புகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, கடைசித் தாளிலிருந்து முன்னோக்கிப் படித்தால்தான் கதை நேராக வரும். இது தெரியாமல் விடையை முதலிலும் கேள்வியைப் பிறகும் படித்துக் குழம்புகிறவர்கள் பலர்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தாளின் முன்பக்கத்தில் வலது மேல்மூலையில் பென்சிலால் எழுதி வட்டமிட்ட எண் ஒன்று இருக்கும். அதுதான் ஆவணக்காப்பகத்தார் இட்ட தாள் எண். மையால் எழுதியோ முத்திரையாகவோ உள்ள மற்ற எண்கள் பழைய அலுவலகத்தின் பதிவெண்கள். மேற்கோள் காட்டும்போது பென்சில் எண்ணையே கொள்ள வேண்டும். அதன் முன்பக்கம் என்றால் ‘ஆர்’, பின்பக்கம் என்றால் ‘வி’ என்ற எழுத்து சேரும். பக்கத் தலைப்பில் சதுர அடைப்பில் 12ஆர் என்றும், வட்ட அடைப்பில் 23/450 என்றும் இருந்தால், முதலாவது தாள் எண், இரண்டாவது 450 படங்களில் இது எத்தனையாவது படம் என்பது. ஆய்வேட்டில் படத்தின் எண்ணைத் தாள் எண் என்று எழுதிவிட்டால் பின்னால் வருகிறவர் தேடித் தவிப்பார்.

படத்துக்கு அருகே எந்திரம் வாசித்த எழுத்துவடிவம் தரப்பட்டிருக்கும். அது தானியங்கி வேலை, பிழை இருக்கலாம் என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். தட்டச்சுப் பக்கங்களில் ஓரளவு நம்பலாம். கையெழுத்துப் பக்கங்களிலும் அரபுக் கடிதங்களிலும் நம்பவே கூடாது. இதிலிருந்து மற்றொன்றும் விளங்கும்: தேடுபெட்டி ‘இல்லை’ என்று சொன்னால், தட்டச்சு வருவதற்கு முந்தைய காலத்தைப் பொறுத்தவரை அதற்குப் பொருளே இல்லை. 19-ஆம் நூற்றாண்டுக் கோப்புகளை விவரக் குறிப்பின் துணைகொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டத்தான் வேண்டும்.

கோப்பின் கடைசித் தாள்களை அவசியம் பாருங்கள். பல கோப்புகளின் இறுதியில் அலுவலகத்துக்குள்ளேயே எழுதிக்கொண்ட குறிப்புத் தாள்கள் இருக்கும். வந்த கடிதத்தைத் தலைமை எழுத்தர் இரண்டு வரியில் சுருக்குவார். அதிகாரி ஓரத்தில் தம் எண்ணத்தைக் கிறுக்குவார். ஷேக்குக்கு அனுப்பிய கடிதத்தில் இருக்கும் பணிவு இந்த ஓரக் கிறுக்கலில் இருக்காது. என்னைக் கேட்டால், கோப்பின் உண்மையான சுவையே அங்குதான் இருக்கிறது.

நாட்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அரபுக் கடிதங்களில் ஹிஜ்ரி நாள் மட்டுமே இருக்கும். மொழிபெயர்ப்பாளர் சில சமயம் ஆங்கில நாளை அருகே குறித்திருப்பார், சில சமயம் குறித்திருக்க மாட்டார். மாற்றும்போது ஒரு நாள் முன்பின் ஆகும் என்பதால் பக்கத்திலுள்ள கடிதங்களோடு ஒத்துப் பாருங்கள். பணத்தைப் பொறுத்தவரை நமக்குச் சிரமமில்லை. வளைகுடாவில் 1960-கள் வரை ரூபாய்தான் புழங்கியது என்பதால் கணக்குகள் ரூபாயிலும் அணாவிலும் லட்சத்திலும் ஓடும்.

யார் குரல் என்று கேட்டுப் படியுங்கள்

இவை அனைத்தும் ஆட்சி செய்தவர்களின் தாள்கள் என்பதை மறந்தால் வரலாறு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். ‘கலகக்காரர்’, ‘கடற்கொள்ளையர்’ போன்ற சொற்களை அப்படியே நம் எழுத்தில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. ஆனால் ஆளப்பட்டவர்களின் குரல் அறவே இல்லை என்பதும் சரியல்ல. அடிமைத்தளையிலிருந்து விடுதலை கேட்டு ஏஜென்சிகளுக்கு ஓடிவந்தவர்களின் வாக்குமூலக் கோப்புகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே பக்கம்: பெயர், வயது, பிறந்த ஊர், எப்போது யாரால் கடத்தப்பட்டார், யாரிடம் விற்கப்பட்டார், ஏன் ஓடிவந்தார், இறுதியில் விடுதலைச் சீட்டு வேண்டுகிறார். கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள், பலூசிஸ்தானிலிருந்து கடத்திவரப்பட்டவர்கள், அடிமைப் பெற்றோருக்கு வளைகுடாவிலேயே பிறந்தவர்கள் எல்லாம் இதில் உண்டு. முத்துக்குளிப்பில் ஈட்டியதை எசமானர் பறித்துக்கொண்டதாகச் சொல்லும் குளிப்பாளர்களையும் காணலாம். வாக்குமூலம் எழுத்தரின் ஆங்கிலத்தில், ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும். ஆயினும் ஊர்ப் பெயரும் தாயின் பெயரும் அவர்கள் சொன்னவை. இவற்றிலிருந்து பெயர்களை எடுத்தாளும்போது, சந்ததியினர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள் என்ற பொறுப்போடு எழுத வேண்டும்.

அரபுச் சுவடிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அரபி தெரியாதவருக்கு அவற்றில் செய்யக்கூடியது குறைவு. மருத்துவம், வானியல், கணிதம், பொறியியல் நூல்கள் பல உள்ளன. சுவடியின் அத்தியாயப் பிரிவுகளையும் படி எடுத்தவரின் இறுதிக் குறிப்பையும் விவரக் குறிப்பில் தந்திருப்பதால் மொழி தெரியாதவரும் அமைப்பை அறியலாம். கோள்நிலைப் படங்களையும் கருவிகளின் வரைபடங்களையும் பார்ப்பதற்கென்றே ஒரு மாலையை ஒதுக்கலாம்.

எடுத்து வைப்பதும், அடுத்துப் போவதும்

பக்கங்களைப் படமாகத் தரவிறக்கலாம். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் பயன்பாட்டு உரிமை எழுதப்பட்டிருக்கும். அரசு ஆவணங்களில் பெரும்பாலானவை திறந்த உரிமத்தில் இருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டு வெளியிடலாம். தரவிறக்கும் போதே கோப்பின் முழுக் குறியீட்டையும் தாள் எண்ணையும் படத்தின் பெயராக இட்டுவிடுங்கள். இணைய முகவரியை மட்டும் குறித்துக்கொள்வது போதாது. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலுக்குப் பின் பிரிட்டிஷ் நூலகத்தின் மின்பட்டியல் நெடுங்காலம் முடங்கியிருந்தது. முகவரி மாறலாம், குறியீடு மாறாது.

இந்த மின்னூலகத்தின் கோப்புகள் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு நின்றுவிடும். இந்தியா விடுதலை பெற்றபின் வளைகுடாவின் பொறுப்பு 1948-இல் பிரிட்டனின் வெளியுறவு அலுவலகத்துக்குப் போனது. அதற்குப் பிந்தைய ரெசிடென்சிக் கோப்புகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் எஃப்.ஓ. 1016 வரிசையிலும், வெளியுறவு அலுவலகத்தின் சொந்தக் கோப்புகள் எஃப்.ஓ. 371 வரிசையிலும் உள்ளன. அவற்றில் கணிசமானவற்றை ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய நூலக, ஆவணக்காப்பக நிறுவனம் நடத்தும் அரேபிய வளைகுடா மின் ஆவணகத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதே கடிதங்களின் இந்திய அரசுப் பக்கம் டெல்லியிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் வெளியுறவு, அரசியல் துறைக் கோப்புகளில் இருக்கிறது. ‘அபிலேக் படல்’ என்ற அவர்களுடைய இணையவாயிலில் பதிவுசெய்துகொண்டு தேடலாம்.

அதிகாரிகளின் தனித் தாள்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஆண்டனிஸ் கல்லூரியிலுள்ள மத்தியகிழக்கு மைய ஆவணகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கையின் பதுளையில் 1885-இல் பிறந்து, இந்திய சிவில் பணியில் சேர்ந்து, பின்னாளில் மன்னர் இப்னு சவூதின் ஆலோசகராகி இஸ்லாத்தைத் தழுவிய ஹாரி செயின்ட் ஜான் ஃபில்பியின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் அங்குதான் உள்ளன. அங்கே முன்கூட்டியே எழுதி நேரம் வாங்கிக்கொண்டுதான் போக முடியும். எழுதும்போது எந்தத் தாள்கட்டு, எந்தப் பெட்டி, எந்த ஆண்டு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். அதற்கு வேண்டிய பட்டியல் அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கிறது.